தயிரும் புகைக்கூண்டும்

எனக்குக் கல்யாணம் ஆனது ஓர் ஆவணி மாதத்தில். மாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆவணியில் மதுரைப் பக்கம் மேல்காற்று அடிக்கும். என் மாமனாரின் அரிசி மில்லிலிருந்து வரும் புகையை எல்லாம் அது கிழக்கே கண்மாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். எங்கள் வீடு மில்லுக்குத் தென்மேற்கே, கூப்பிடு தூரத்தில். ஐப்பசியில் கல்யாணம் நடந்திருந்தால் வலது காலை எடுத்து வைத்த அன்றே எனக்கு இழுப்பு வந்திருக்கும். சீக்காளிப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பந்தலைப் பிரிப்பதற்குள் பஞ்சாயத்தும் வந்திருக்கும். மேல்காற்று என்னைக் காப்பாற்றியது. இரண்டு மாதத்துக்கு.

எழுபதுகளின் கடைசி அது. நான் டி. கல்லுப்பட்டிக்காரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கொஞ்சம் கரிசல் காடும் இரண்டு எருமையும் உண்டு. எங்கள் ஊர்க் காற்றில் மிஞ்சிப்போனால் கொஞ்சம் பருத்திப் பஞ்சு இருக்கும். வாக்கப்பட்டு வந்தது திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடிக்கு. அப்போது அங்கே வீட்டுக்கு வீடு இடையில் வயல் இருந்தது. புகுந்த வீட்டார் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்தவர்கள். மாமனார்தான் முதன்முதலில் மண்வெட்டியை மூலையில் வைத்துவிட்டு மில் போட்டவர்.

புழுங்கலரிசி மில். நெல்லை அவிக்கப் பாய்லர், பாய்லரை எரிக்க உமி. எரிந்த உமியில் பாதி சாம்பலாகக் குழியில் விழும். மீதி, இரும்புத் தகட்டில் செய்த புகைக்கூண்டு வழியாக வெளியே வந்து, இன்றைக்கு யார் வீட்டுக்குப் போகலாம் என்று காற்றைக் கேட்கும். வாடைக்காற்று அடிக்கும் மூன்று மாதமும் அது எங்கள் வீட்டுக்குத்தான் வரும். பொடிப்பொடியாக, கறுப்பாக, கொசு மாதிரி மெதுவாக இறங்கும். கையால் தட்டினால் இழுகிக் கறையாகிவிடும், வாயால் ஊதத்தான் வேண்டும். என் மாமனாரிடம் ஒரு டஜன் வெள்ளை வேட்டி இருந்தது. ஒன்றுகூட வெள்ளையாக இல்லை.

இதை ஒரு தொந்தரவாக அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை. தண்ணீர்ப் பானைக்குத் துணி கட்டுவார்கள். சோற்றுத் தட்டை இன்னொரு தட்டால் மூடுவார்கள். கொடியில் கிடக்கும் துணியை நாலு உதறு உதறி மடிப்பார்கள். சாம்பல் விழுந்தால் மில் ஓடுகிறது என்று அர்த்தம், மில் ஓடினால் வீடு ஓடுகிறது என்று அர்த்தம். சாம்பல் விழாத நாளில்தான் என் மாமியார் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துக் கவலைப்படுவார். போதாக்குறைக்கு அந்த வீட்டில் பல் விளக்குவதே உமிக்கரியில்தான். குழியிலிருந்து நல்ல கரியாக அள்ளி வந்து, பொடித்து, உப்பு கலந்து டப்பாவில் வைத்திருப்பார்கள். வாய்க்குள் வைத்துத் தேய்க்கிற சாமானைப் போய் யாராவது அழுக்கு என்பார்களா?

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவருடைய இருமலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் அதுதான் வரும். முப்பது வருஷத்து இருமல். தெருமுனையில் இருமினால் மில்லில் பீடி அணையும், களத்தில் நெல் கிண்டுகிற பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள், அடுக்களையில் நான் எழுந்து நிற்பேன். காலையில் பல் விளக்கும்போது அரை மணி நேரம் தனிக் கச்சேரி. அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீடுகளில் அடுப்புப் பற்ற வைப்பார்கள். இருமல் என்று சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். தொண்டையைச் சரி பண்ணுவதாகச் சொல்வார். முப்பது வருஷமாகச் சரி பண்ணிக்கொண்டே இருந்தார்.

அந்த ஐப்பசியில் தலை தீபாவளிக்குக் கல்லுப்பட்டிக்குப் போனோம். எருமைத் தயிரும் முறுக்குமாக ஒரு வாரம் தின்று தீர்த்துவிட்டு, சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். நான் ஊரில் இல்லாதபோது காற்று திரும்பிவிட்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. வந்த மூன்றாம் நாள் படுத்திருக்கும்போது எங்கிருந்தோ பூனைக்குட்டி கத்துகிற சத்தம் கேட்டது. என் கணவர் எழுந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் பார்த்தார். ஜன்னலைத் திறந்து சூ என்று விரட்டினார். ஜன்னலைத் திறந்ததும் சத்தம் இன்னும் கூடியது. அப்புறம்தான் இரண்டு பேருக்கும் தெரிந்தது, பூனைக்குட்டி என் நெஞ்சுக்குள் இருக்கிறது என்று.

விடிந்ததும் மாமியார் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தயிரு. ஒங்கம்மா வீட்ல அம்புட்டுத் தயிரையும் ஒனக்குத்தான் ஊத்திருக்காக. குளிர்ச்சி நெஞ்சுல ஏறிருச்சு."

அன்றைக்கே தயிர் நிறுத்தப்பட்டது. தயிரோடு மோர் போனது. பிறகு வாழைப்பழம், கொய்யாப்பழம், வெள்ளரிக்காய், பூசணிக்காய் என்று ஒவ்வொன்றாகப் போயின. தலைக்குக் குளிப்பது வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் வெந்நீரில், உச்சி வெயிலில், மாமியார் மேற்பார்வையில். என் மாமியாரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தூதுவளை ரசம் வைப்பார், சூடாக ஒத்தடம் கொடுப்பார், எனக்காக ராத்திரியெல்லாம் விழித்திருப்பார். குளிர்ச்சி ஆகாது என்று பகலில் என்னைக் கொல்லைப்புறத்தில் வெயிலில் உட்காரவைப்பார். அங்கேதான் சாம்பல் அதிகமாக விழும். இவ்வளவு அக்கறையாக என்னை யாரும் மூச்சுத்திணற வைத்ததில்லை.

எனக்கு மூச்சு வராததுகூடப் பழகிவிட்டது. தயிர் இல்லாததுதான் பழகவில்லை. எல்லாரும் தயிர்ச்சோறு பிசையும்போது நான் ரசத்தையே இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டு, அவர்கள் விரல் இடுக்கில் வெள்ளையாக வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்லுப்பட்டியில் நான் சாப்பிட்ட தயிரைக் கத்தியால் வெட்டலாம். எதற்காக என்னைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று அந்தச் சமயத்தில் நினைத்து அழுதிருக்கிறேன். புருஷனையோ மாமியாரையோ நினைத்து அப்படி அழுததில்லை.

டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றித் தூசி, புகை ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பதில் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வீடு கூட்டுவோம், வெள்ளிக்கிழமை கழுவி விடுவோம், எங்கள் வீட்டில் தூசியா என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே மனசு நொந்துவிட்டது. டாக்டர் ஓர் ஊசியைப் போட்டு, மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற பேச்சுத்தான். தயிரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

தை பிறந்து பொங்கல் கழிந்ததும் காற்று மாறியது. பூனைக்குட்டியும் காணாமல் போனது. தயிரை நிறுத்தியதால் சரியானது என்று முடிவாயிற்று. சரியானால் திரும்ப ஊற்ற வேண்டியதுதானே என்று நான் கேட்கவில்லை. சரியானதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று பதில் வரும், எனக்குத் தெரியும்.

அடுத்த ஐப்பசியில் இழுப்பு திரும்பவும் வந்தது. ஒரு வாரம் திணறிவிட்டு அம்மா வீட்டுக்குப் போனேன். திருமங்கலம் தாண்டும்போதே நெஞ்சு லேசானது. கல்லுப்பட்டியில் பத்து நாள் ஓடி ஆடி வேலை பார்த்தேன். திரும்பி வந்த மறுநாளே பழைய கதை. இப்படி இரண்டு மூன்று தடவை நடந்ததும் வீட்டில் வேறு மாதிரி ஒரு பேச்சு கிளம்பியது. அம்மா வீட்டுக்குப் போகணும் என்றால் இவளுக்கு இழுப்பு வந்துவிடுகிறது, போனதும் நின்றுவிடுகிறது, இதென்ன சொல்லி வைத்த மாதிரி வருகிற வியாதி? தனிக்குடித்தனம் போவதற்கு அடி போடுகிறாள் என்று யாரோ ஒரு சொந்தக்காரர் எடுத்துக்கொடுத்தார். என் மாமியார் அதை மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. ஆனால் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திணறும்போது யாராவது பார்த்தால் நடிப்பு என்பார்களோ என்று பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய் நின்று மூச்சு வாங்குவேன். மூச்சு விடுவதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருந்தது. என்னை நம்ப வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷங்களில் நான் சாமியிடம் வேறு எதையும் கேட்கவில்லை. ஒரு வேளை தயிரும் கேட்டிருப்பேன்.

காரணம் எனக்கு அந்த இரண்டாம் வருஷமே புரிந்துவிட்டது. கொடியில் போட்ட துணிதான் சொல்லிக்கொடுத்தது. துணியில் கறுப்புப் பொட்டு விழுகிற நாளில் எனக்கு இழுப்பு, விழாத நாளில் இல்லை. இதைக் கணவரிடம் சொன்னேன். என் கணவர் நல்ல மனிதர், அம்மா சொல்வதும் சரிதான், பெண்டாட்டி சொல்வதும் சரிதான் என்று முழு மனதோடு நம்பக்கூடியவர். "நீ சொல்றது சரிதான். ஆனா மில்ல எங்க தூக்கிட்டுப் போறது?" என்றார். மாமியாரிடம் ஜாடையாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் உமிக்கரி டப்பாவைக் காட்டினார். நாங்கள் எல்லாரும் இதைத்தானே வாயில் போடுகிறோம், எங்களுக்கு என்ன ஆனது என்று கேட்டார். அதே நேரம் கிணற்றடியில் மாமனார் தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில் கல்லுப்பட்டியில் என் தம்பிக்குக் கல்யாணம். மாமனார் எங்கே போனாலும் காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் மில்லுக்குத் திரும்பிவிடுகிறவர். அன்றைக்கும் முகூர்த்தம் முடிந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார். மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. சாயங்காலத்துக்குள் ஓடை உடைத்துக்கொண்டு ரோட்டின் மேல் போனது, மதுரைப் பஸ் நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டில் மாமனாரும் மாமியாரும் நாலு நாள் மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டு நம்பிக்கைப்படி பார்த்தால் மாமனார் அந்த நாலு நாளில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விடாத மழை, ஈரச் சுவர், ஊதல் காற்று. சாப்பாட்டில் மூன்று வேளையும் எருமைத் தயிர். என் அம்மா இலையில் தயிரை ஊற்ற மாட்டாள், வைப்பாள். சம்பந்தி வீட்டில் வேண்டாம் என்று கையை மறிப்பது மரியாதை இல்லை என்பதால், மாமனார் மழைக் குளிரில் தயிரா என்று விதியை நொந்தபடி சாப்பிட்டார். இரண்டாம் நாள் அவராகவே இன்னும் கொஞ்சம் என்றார். என் மாமியார் கஷாயத்துக்கு மிளகும் திப்பிலியும் கேட்டு வாங்கித் தயாராக வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை நான் கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றியது. படுத்தபடியே யோசித்தேன். மாமனாரின் கச்சேரி இல்லை. கணவரை எழுப்பி, உங்கள் அப்பாவைப் போய்ப் பாருங்கள் என்றேன். அவர் எதற்கு என்றார். இருமவில்லை என்றேன். அவர் வேட்டியைச் சரியாகக்கூடக் கட்டாமல் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

மாமனார் மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டு, என் அப்பாவிடம் எருமைக்கு என்ன தீனி வைக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டார். என் கணவர் ஒன்றுமில்லை என்றார். மாமியார் ஒரு பக்கம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கமே இல்லையாம். முப்பது வருஷமாகக் காதுக்குள் கேட்ட சத்தம் திடீரென்று நின்றால் எப்படித் தூங்குவது என்றார். அவர் சொல்லித்தான் மாமனாருக்கே விஷயம் தெரிந்தது. தொண்டையில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். வேண்டுமென்றே ஒரு தடவை இருமிப் பார்த்தார். வரவில்லை.

ஐந்தாம் நாள் ரோடு திறந்தது. திருமங்கலம் வழியாக மதுரைக்கு வந்து, டவுன் பஸ் பிடித்து விளாங்குடியில் இறங்கினோம். மாமனார் முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால். மில் சுவர் திரும்புகிற இடத்தில் அவருக்கு முதல் இருமல் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டார். எனக்கும் அங்கேயே பூனைக்குட்டி லேசாக முனகத் தொடங்கியிருந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். மாமனார் தலையை நிமிர்த்திப் புகைக்கூண்டைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். முந்தானையை நான் எடுக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே, கேட்டீர்களா என்று மாமியார் பின்னாலிருந்து சொன்னார்.

மாமனார் எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிறவர் இல்லை. நெல் வாங்கும்போதுகூட ஒரே மூட்டையில் மூன்று இடத்தில் குத்தி எடுத்துக் கடித்துப் பார்ப்பார். அடுத்த வாரம், கல்யாணத்தில் மறந்து எடுத்து வந்துவிட்ட ஒரு கரண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு தனியாகக் கல்லுப்பட்டிக்குப் பஸ் ஏறினார். அந்தக் கரண்டி எங்கள் வீட்டுக் கரண்டி. முன்னறிவிப்பு இல்லாமல் சம்பந்தி ஒற்றைக் கரண்டியோடு வந்து இறங்கினால் பெண்ணைப் பெற்றவன் என்ன நினைப்பான்? என் அப்பா நடுங்கிப் போனார். என்னைப் பற்றி என்ன புகாரோ என்று பயந்து, கேட்கவும் தைரியம் இல்லாமல், இரண்டு நாள் உபசாரம் செய்திருக்கிறார். மாமனாரும் ஒன்றும் சொல்லாமல், மூன்று வேளையும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, காலையில் எழுந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்பா எனக்கு ஒரு கார்டு எழுதினார். உன்னால் ஏதேனும் தவறு நேர்ந்திருந்தால் பெரியவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள் என்று அதில் இருந்தது.

மாமனார் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. மில் சுவர் ஓரமாக நின்று இருமிவிட்டு, நேரே டவுனுக்குப் போய் இரும்புப் பட்டறை ஆளைக் கையோடு கூட்டி வந்தார். புகைக்கூண்டைப் பதினைந்து அடி உயர்த்த வேண்டும் என்றார். மார்கழி பிறந்திருந்தது. மார்கழியில் யாராவது கட்டிட வேலை ஆரம்பிப்பார்களா என்று மாமியார் சண்டைக்கு நின்றார். பாய்லர் சரியாக இழுக்கவில்லை, அதற்காகத்தான் என்று மாமனார் சொன்னார். அவர் வாயிலிருந்து வேறு காரணம் வரவில்லை, கடைசி வரை வரவில்லை. இரண்டு நாள் மில்லை நிறுத்தி, தகட்டை வளைத்து ஏற்றி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் பாய்லரைப் பற்ற வைத்தார்கள். நான் கொல்லையில் போய் நின்றேன். புகை எங்கள் தலைக்கு மேலே, வீட்டைத் தாண்டி, சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. கொடியில் மாமனாரின் வேட்டி கிடந்தது. சாயங்காலம் எடுத்து விரித்துப் பார்த்தேன், ஒரு பொட்டு இல்லை. ஒரு வாரத்தில் என் நெஞ்சு அடங்கியது. அவருடைய கச்சேரி அரை மணியிலிருந்து ஐந்து நிமிஷமாகக் குறைந்தது. அதனால் சங்கடமும் வந்தது. முன்னறிவிப்பு நின்றுபோனதால் மில்லில் மூன்று பேர் பீடியோடு பிடிபட்டார்கள், நான் ஒரு தடவை முறுக்கு டப்பாவோடு பிடிபட்டேன்.

பாய்லரைப் பற்ற வைத்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் வழக்கம்போல ரசத்தை இரண்டாம் தடவை ஊற்றப் போனேன். மாமனார் தட்டைப் பார்த்தபடியே மாமியாரிடம் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்குத் தயிர் ஊத்து."

மாமியார் அவர் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தோடு தயிரை என் பக்கம் தள்ளினார். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து அந்த வீட்டில் நான் தயிர்ச்சோறு சாப்பிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன், ஏனென்றால் அழுதுகொண்டிருந்தேன். நடிக்கவில்லை என்று இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது, அது போதும் என்று இருந்தது. தயிரும் நன்றாகத்தான் இருந்தது, கல்லுப்பட்டித் தயிர் அளவுக்கு இல்லை.

இத்தோடு முடித்துக்கொண்டால் எனக்குச் சௌகரியம்.

அடுத்த வருஷம் தீபாவளி கழிந்து பதினைந்து நாள் இருக்கும். எங்களுக்குத் தென்மேற்கே, இரண்டு வயல் தாண்டி இருக்கிற தெருவிலிருந்து ஓர் அம்மாள் என் மாமியாரைத் தேடி வந்தார். சௌராஷ்டிரக் குடும்பம், டவுனில் இடம் போதாமல் அங்கே வந்து தறி போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் அவர்கள் பாஷை வேறு, எங்களிடம் பேசும்போது நல்ல மதுரைத் தமிழ். அந்த அம்மாளுக்குப் புது மருமகள் வந்திருந்தாள். தலை தீபாவளிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அந்தப் பெண்ணுக்கு இழுப்பாம். தயிரை நிறுத்தியாயிற்று, வாழைப்பழத்தை நிறுத்தியாயிற்று, ஒன்றும் கேட்கவில்லையாம். பாஷை வேறாக இருந்தால் என்ன, தயிரை நிறுத்துவதில் மதுரை முழுக்க ஒரே குடும்பம்தான். உங்கள் மருமகளுக்கு இருந்து சரியானதாமே, என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டார்.

என் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு வருசத்துக்கு மேல இவ கண்ணுல தயிரக் காட்டலைங்க. அதான் சரியாச்சு. நீங்க இப்பத்தான நிறுத்தியிருக்கீக, பொறுங்க" என்றார். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் கொஞ்சம் உயர்ந்து அவர் முகத்தை மறைத்தது. நான் அடுக்களையில் மதியச் சோற்றுக்குத் தயிர் கடைந்துகொண்டிருந்தேன். மத்தை நிறுத்திவிட்டேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் துணி வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குத் தயிர் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மாமியார் கண் அயர்ந்ததும், ஒரு தூக்குச்சட்டி நிறையத் தயிரை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு, வரப்பு வழியாக அந்தத் தெருவுக்குப் போனேன். வேகமாக நடந்ததில் நெஞ்சு லேசாக அடைத்தது. தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு ஆண்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, வெள்ளை நூல்மேல் விழுந்த கறுப்புப் பொட்டுகளை வாயால் ஊதிக்கொண்டிருந்தார்கள். கையால் தட்டக் கூடாது என்பதை அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்தப் பெண் வீட்டுக்குப் பின்னால், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். குளிர்ச்சி ஏறாமல் இருக்க அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். இருபது வயதுகூட இருக்காது. மாமியார் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை எடுத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். எனக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது. நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும் என்றேன். அவள் கையை எடுத்தாள், கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. தூக்குச்சட்டியைத் திறந்து கொடுத்தேன். தயிரைப் பார்த்தாள், தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள், நாலு விரலால் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். மேலேயிருந்து ஒரு கறுப்புப் பொட்டு மெதுவாக இறங்கித் தயிர்மேல் உட்கார்ந்தது. அவள் அதைப் பார்க்காமலே சுண்டுவிரலால் எடுத்துத் தரையில் தேய்த்துவிட்டு, மேற்கொண்டு சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டுக் கேட்டாள், உங்களுக்கு எப்படிச் சரியானது என்று. பொய் சொல்லத்தான் நினைத்தேன். தூதுவளை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"எங்க மாமா மில்லுப் பொகக்கூண்ட ஒசத்துனாரு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தென்னைகளுக்கு மேலே எங்கள் புகைக்கூண்டின் புதுத் தகடு பளபளவென்று தெரிந்தது. அதிலிருந்து கிளம்பிய புகை, எங்கள் வீட்டுக் கூரையைத் தொடாமல் நேராக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அவள் அது வரும் வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து, தன் தலைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினாள். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அப்ப நாங்க எங்க வீட்ட ஒசத்தணுமாக்கா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முதலில் வெளியே வந்தது, ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த அந்தப் பூனைக்குட்டியின் சத்தம்தான்.